படித்த கல்லூரியில் ஒரு பெயரில் உதவித்தொகை நிறுவுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அம்மா பெயரில், பாடம் நடத்திய பேராசிரியர் பெயரில், இளம் வயதில் போய்விட்ட நண்பன் பெயரில், அல்லது ‘1998 பேட்ச்’ என்ற பெயரில், தாம் படித்த கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்காவது உதவித்தொகை தர வேண்டும் என்று வருகிறவர்கள் ஏராளம். முன்னாள் மாணவர் சங்கத்தின் கணக்கு வழக்கைப் பார்ப்பவன் என்ற முறையில் அப்படி வந்த பலரோடு தொடக்கம் முதல் உட்கார்ந்திருக்கிறேன். பணம் பற்றாமல் நின்றுபோன உதவித்தொகைகள் குறைவு. காசோலை முதலில், விதிமுறை பிறகு என்று வரிசை மாறி முடங்கியவைதான் அதிகம்.

ஆகவே இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். தமிழ்நாட்டிலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பொறியியல் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத் துறைக்கும் பெரும்பாலும் இதே பாதைதான்.

1. மாணவருக்கு எங்கே இடிக்கிறது என்று முதலில் கேளுங்கள்

அரசுக் கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவருக்குக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலின மாணவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டுத் தனி உதவித்தொகைகள் உண்டு. இவ்வளவும் இருக்க, ‘கல்விக் கட்டணம் கட்ட உதவி’ என்று ஒரு திட்டம் எழுதினால், ஏற்கெனவே அடைத்த ஓட்டையிலேயே உங்கள் பணமும் போய் விழும்.

அடைபடாமல் கிடப்பவை வேறு. தனியார் விடுதியின் மெஸ் பில், பருவத் தேர்வுக் கட்டணம், அரசு உதவிபெறும் கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவில் சேர்ந்தவர் கட்டும் முழுக் கட்டணம், இறுதியாண்டு புராஜெக்ட் செலவு, முதுகலை நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பக் கட்டணம். இவற்றோடு, படிப்பின் நடுவில் அப்பாவோ அம்மாவோ இறந்துபோகும் வீடு. அந்த மாணவரின் வருமானச் சான்றிதழ் பழைய நிலையைத்தான் சொல்லும். எந்தத் திட்டத்தின் சல்லடையிலும் அவர் தங்க மாட்டார்.

இதையெல்லாம் முதல்வர் அறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் உதவியாளர், விடுதிக் காப்பாளர், முதலாண்டு வகுப்பின் பொறுப்பாசிரியர் ஆகிய மூவரையும் தனித்தனியே பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: போன வருடம் படிப்பை நிறுத்தியவர்கள் எந்த மாதத்தில் நின்றார்கள், எதனால்? அந்த மாதம் தெரிந்துவிட்டால், உங்கள் பணம் எந்த மாதத்தில் மாணவர் கைக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அரசு உதவித்தொகைகள் சிலவற்றில் ‘வேறு உதவித்தொகை பெறக் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கிறது. உங்கள் 10,000 ரூபாயால் ஒரு பிள்ளையின் 20,000 போய்விடக் கூடாது. எந்தெந்தத் திட்டத்தில் அந்த நிபந்தனை உண்டு என்பதை அதே உதவியாளரிடம் எழுதி வாங்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும் உரிமை மாணவருக்கே இருக்கட்டும்.

2. தொகையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

பெரும்பாலோர் ‘என்னிடம் 3 லட்சம் இருக்கிறது, என்ன செய்யலாம்?’ என்று தொடங்குகிறார்கள். எத்தனை மாணவர், ஆளுக்கு எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், எப்போதும் மூன்று மாணவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000. வட்டி முழுவதையும் கொடுத்துவிட்டால் அசல் அப்படியே நிற்கும், ஆனால் அதன் பெறுமானம் தேயும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 20,000 பன்னிரண்டு ஆண்டுகளில் 10,000க்குச் சமமாகிவிடும். அதனால் வட்டியில் ஐந்தில் ஒரு பங்கையாவது அசலோடு சேர்க்க வேண்டும். அப்படியானால் தேவைப்படும் வட்டி 75,000.

வட்டி விகிதத்தை 6 என்று வைத்தே கணக்குப் போடுங்கள். 2020-21இல் பெரிய வங்கிகளில் ஓராண்டு வைப்புக்கு 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 2023இல் 7ஐ நெருங்கியது. ஏறிய ஆண்டின் விகிதத்தை நம்பித் திட்டமிட்டால் இறங்கும் ஆண்டில் ஒரு மாணவரை நிறுத்த வேண்டிவரும். 6 சதவீதத்தில் 75,000 வட்டி வர 12.5 லட்சம் வேண்டும்.

இந்த மூன்று மாணவரும் ஒரே ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள் அல்லர். ஆண்டுக்கு ஒரு முதலாண்டு மாணவரை எடுத்து, மூன்று ஆண்டும் அவரைத் தாங்குங்கள். முதல் ஆண்டில் ஒருவர், இரண்டாம் ஆண்டில் இருவர், மூன்றாம் ஆண்டிலிருந்து மூவர். முதல் ஆண்டில் 40,000, இரண்டாம் ஆண்டில் 20,000 என 60,000 ரூபாய் மிச்சமாகும். அது ஓர் ஆண்டின் முழு உதவித்தொகை. வட்டி சரியும் காலத்துக்கு அதுவே கையிருப்பு. ஒரே வருடத்தில் மூன்று பேருக்குக் கொடுத்து, அடுத்த வருடம் வேறு மூன்று பேருக்குக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டாம் ஆண்டு பணம் வருமா என்ற கவலை இல்லாத பிள்ளைதான் பகுதிநேர வேலைக்கு ஓடாமல் வகுப்பில் உட்காரும்.

அவ்வளவு பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். நிரந்தர வைப்பு வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பத்து நண்பர்கள் ஆளுக்கு மாதம் 500 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 60,000. ஐந்தாண்டுக்கு மட்டும் என்று அறிவித்து, வந்ததை அந்தந்த ஆண்டே கொடுத்து முடிக்கலாம். 2 லட்சத்தை வைப்பில் போட்டு ஆண்டுக்கு 12,000 வட்டியை ஆறு பேருக்குப் பங்கிடும் திட்டத்தைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். 2,000 ரூபாயால் யாருடைய படிப்பும் நிற்காமல் போகாது.

3. பணம் யார் கையில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

நான்கு வழிகள் கண்ணில் படும்: கல்லூரி அல்லது பல்கலைக்கழகம், பதிவு பெற்ற முன்னாள் மாணவர் சங்கம், சொந்தமாக ஓர் அறக்கட்டளை, மாணவருக்கு நேரடியாகக் கொடுப்பது.

நேரடியாகக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு வரிச் சலுகை இல்லை, நீங்கள் இல்லாத காலத்தில் தொடராது. சொந்த அறக்கட்டளை தொடங்கும் ஆசை பலருக்கு உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை, வருமான வரிக் கணக்கு, பதிவைப் புதுப்பித்தல் என்று அதற்குத் தனி ஆள் வேண்டும். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட்டாக வேண்டும். மிச்சம் பிடித்துவைக்க உரிய காலத்தில் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். ஓர் உதவித்தொகைக்காக இவ்வளவும் சுமப்பது வீண்.

கல்லூரியா சங்கமா என்பதுதான் மெய்யான கேள்வி. அரசுக் கல்லூரியில் முதல்வர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வைப்பு ரசீது ஒருவர் பீரோவிலிருந்து அடுத்தவர் பீரோவுக்குப் போகும்போது காணாமல் போவதுண்டு. கல்லூரியிடம் கொடுப்பதானால் வைப்பு ‘முதல்வர்’ என்ற பதவிப் பெயரில் இருக்க வேண்டும், ஆள் பெயரில் கூடாது. சங்கத்திடம் கொடுப்பதானால் மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டறிக்கை தவறாமல் தாக்கல் ஆகியிருக்கிறதா, நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி ஒப்புதல் நடப்பில் இருக்கிறதா, கடந்த மூன்று ஆண்டு தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா. மூன்றாவதைக் கேட்டதும் முகம் மாறினால் அங்கே கொடுக்காதீர்கள்.

4. விதிமுறைக் கடிதம்: ஒரு ரூபாய் நகர்வதற்கு முன்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. இரண்டு பக்கம் போதும், ஆனால் ஒவ்வொரு வரியும் நீங்கள் இல்லாத நாளிலும் வேலை செய்ய வேண்டும்.

அ) பெயர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுத வேண்டும், முதலெழுத்து எது என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பலகை, விண்ணப்பம், வங்கிக் குறிப்பு மூன்றிலும் மூன்று விதமாக வந்தால் பத்தாண்டு கழித்து வருகிற கணக்காளருக்கு மூன்றும் ஒன்றுதானா என்று தெரியாது.

ஆ) யாருக்கு. ‘துறையில் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு’ என்று எழுதத்தான் பலருக்கும் மனம் போகிறது. முதல் மதிப்பெண் பெறுபவருக்கு ஏற்கெனவே நாலைந்து பரிசுகள் காத்திருக்கும். ஆண்டு விழா மேடையில் ஒரே மாணவி திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உதவித்தொகை என்பது பரிசு அன்று. குடும்ப வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரி, பெற்றோரை இழந்தவர், மாற்றுத்திறனாளி போன்ற தேவைக்கான அளவுகோல்களை முன்னே வையுங்கள். சேர்க்கைக்குரிய மதிப்பெண்ணே போதும் என்று விடுங்கள்.

சாதி, மதம் சார்ந்து வரையறுக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்துக்கோ என்று நடக்கும் அமைப்புக்கு 80ஜி ஒப்புதல் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்ற பொது வகைகளுக்குத் தடையில்லை. ‘எங்கள் சமூகப் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று நீங்கள் எழுதும் ஒரு வரியால் முழுச் சங்கத்துக்கும் சிக்கல் வரலாம்.

இ) தொடர்வதற்கான நிபந்தனை. ‘எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி’ என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து ஆங்கிலவழி இயற்பியலில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் பருவத்தில் ஓர் அரியர் விழுவது சாதாரணம். உதவி மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அதைப் பிடுங்கிவிடும் விதி அது. வருகைப்பதிவை அளவுகோலாக்குங்கள். அரியருக்கு ஓர் எல்லை வையுங்கள். அதைத் தாண்டினால் நிறுத்துவதற்கு முன் பொறுப்பாசிரியர் பேசி அறிக்கை தர வேண்டும் என்று எழுதுங்கள்.

ஈ) யார் தேர்ந்தெடுப்பது. முதல்வர், துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர், சங்கப் பிரதிநிதி எனக் குழுவைப் பதவிகளால் குறியுங்கள். நன்கொடையாளர் பார்வையாளராக இருக்கலாம், வாக்கு வேண்டாம். மாணவரை நீங்களே சுட்டினால் அது நிறுவனத்துக்குத் தந்த நன்கொடை என்ற தன்மையை இழக்கும். உங்களுக்கு வாக்கு இல்லையென்றால் ‘எங்க சித்தப்பா பேரனுக்குக் கொஞ்சம் பாருங்க’ என்ற பேச்சும் எழாது. நன்கொடையாளரின் உறவினர் விண்ணப்பிக்க முடியாது என்று வெளிப்படையாகவே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உ) எந்தத் தேதிக்குள். ‘ஆண்டுதோறும் வழங்கப்படும்’ என்பது போதாது. ‘ஒற்றைப்படைப் பருவத் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பாக மாணவர் கணக்கில் சேர வேண்டும்’ என்று எழுதுங்கள்.

ஊ) நிலைமை மாறினால். பலரும் விட்டுவிடுகிற பகுதி இதுதான். பாடப்பிரிவு மூடப்படும், துறையின் பெயர் மாறும், நிறுவனமே மாறும். அண்ணா பல்கலைக்கழகம் 2007இல் பிரிக்கப்பட்டுக் கோவை, திருச்சி, நெல்லை எனத் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. 2012இல் அவை மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் அவற்றுள் ஒன்றின் பெயரைக் குறித்து எழுதிய விதிமுறை என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் எழுதித் தரும் வாசகம் இது: ‘மேற்சொன்ன படிப்போ துறையோ நிறுவனமோ இல்லாமல் போனால், அல்லது இரண்டு ஆண்டு தொடர்ந்து தகுதியான விண்ணப்பம் வராவிட்டால், தேர்வுக் குழு நன்கொடையாளரிடமும் அவர் இல்லாதபோது அவர் குறித்தவரிடமும் கலந்து, இதே நோக்கத்துக்கு மிக நெருக்கமான மாணவர்களுக்கு இதே பெயரில் இத்தொகையை வழங்கலாம்.’

உங்களுக்குப் பிறகு பேச வேண்டியவர் யார் என்பதையும் பெயரோடு குறித்துவிடுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவரில் யார் என்று சொல்லுங்கள்.

கடிதம் மூன்று பிரதி: உங்களுக்கு, பணத்தை வைத்திருப்பவருக்கு, கல்லூரிக்கு. சங்கமானால் செயற்குழுத் தீர்மானம், கல்லூரியானால் ஆட்சிக்குழு அல்லது முதல்வரின் ஏற்புக் கடிதம். அது கைக்கு வந்த பிறகே அடுத்த படி.

5. வெளிநாட்டிலிருந்து பணம் வருவதானால்

பேட்ச் வாட்ஸ்ஆப் குழுவில் பத்துப் பேர் பணம் போடுவதாகச் சொல்வார்கள். அதில் மூவர் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். உடனே ஒருவர் ‘என் கணக்குக்கு அனுப்புங்கள், நான் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்’ என்பார். இங்கேதான் நிற்க வேண்டும்.

யார் எந்த நாட்டின் குடிமகன் என்பதே இங்கே கணக்கு. எங்கே வசிக்கிறார் என்பது அன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (எஃப்சிஆர்ஏ) அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவரே. அவர் பணத்தை வாங்க அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் எஃப்சிஆர்ஏ கணக்குக்குத்தான் வர வேண்டும். ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நண்பர் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்புவது நண்பரையும் சங்கத்தையும் சேர்த்து மாட்டிவிடும்.

சட்டத்தால் அமைக்கப்பட்டு, சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்குக் கட்டாயமாக உட்பட்ட அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் அதில் வருமா என்று பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் வரிச் சலுகை வேண்டும் என்பவர் அங்கே பதிவான 501(சி)(3) அமைப்பின், அதாவது வரிவிலக்குப் பெற்ற அறப்பணி அமைப்பின், வழியாகக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து இங்கே வருவதும் வெளிநாட்டுப் பணமே. எனவே பட்டியல் போடும்போதே பெயருக்குப் பக்கத்தில் குடியுரிமைக்கு ஒரு கட்டம் வையுங்கள்.

6. பணம் செலுத்துதலும் வரியும்

பணத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள்: ‘இத்தொகை இன்ன பெயரிலான உதவித்தொகையின் கார்ப்பஸில், அதாவது மூலதன நிதியில், சேர்க்கப்பட வேண்டும்.’ எழுத்தில் இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது சாதாரண நன்கொடையாகக் கருதப்பட்டு, அந்த ஆண்டே செலவிட வேண்டிய வருமானத்தில் சேர்ந்துவிடும். ஒரே வரி, ஆனால் அது இல்லாமல் வந்த பணத்தைப் பிறகு மூலதனமாக்கத் தணிக்கையாளர் ஒப்புவதில்லை.

80ஜி சலுகை பற்றி மூன்று செய்திகள். பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இல்லை. பொதுவாக நன்கொடையில் பாதிக்குத்தான் கழிவு, அதுவும் வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்புக்குள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனாலும் அலுவலகங்களில் 80ஜி என்றே சொல்கிறார்கள். பான் எண்ணைப் பணம் கட்டும்போதே கொடுத்துவிடுங்கள். வரித்துறைத் தளத்தில் பதிவாகும் நன்கொடைச் சான்றிதழ் இல்லாமல் வெறும் ரசீதை வைத்துக் கழிவு கேட்க முடியாது.

7. வைப்பில் போடும்போது பார்க்க வேண்டியவை

அச்சிட்ட படிவத்தில் ‘வட்டியை ஒவ்வோர் ஆண்டும் சேமிப்புக் கணக்கில் வரவு வை’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். இதைக் கவனிக்காமல் முதிர்வில் மொத்தமாகத் தரும் வைப்பாகப் போட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் வைத்துவிட்டால், வட்டி வெளியே வராமல் அசலோடு சேர்ந்துகொண்டே போகும். வங்கியில் பணம் வளர்ந்துகொண்டிருக்க, கல்லூரியில் ‘இந்த வருடம் வட்டி வரவில்லை’ என்ற பதிலோடு ஒரு மாணவர் திரும்பியிருப்பார். அடிக்கடி நடக்கிற கோளாறு இது.

வைப்பை மே மாதத்தில் தொடங்குங்கள். அப்போதுதான் வட்டி மே முடிவில் கைக்கு வந்து, ஜூலை அறிவிப்புக்குத் தயாராக இருக்கும். டிசம்பரில் போட்டால் டிசம்பரில்தான் வட்டி, தேர்வுக் கட்டணம் அக்டோபரிலேயே போயிருக்கும். முதல் ஆண்டு வட்டி வரப் பன்னிரண்டு மாதம் ஆகும் என்பதால், முதல் மாணவருக்கான தொகையை மூலதனத்தோடு சேர்க்காமல் தனியாகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அறிவித்த வருடமே உதவித்தொகை இருக்காது.

வங்கி வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் வரைதான். சங்கத்தின் எல்லா வைப்புகளும் சேர்த்தே அந்த 5 லட்சம். கூடுதல் வட்டிக்காகச் சிறிய கூட்டுறவு வங்கியைத் தேடிப் போகாதீர்கள்.

8. அறிவிப்பு, விண்ணப்பம், தேர்வு

பருவத் தேர்வு முடிவு வந்த பிறகு அறிவிப்பு வைப்பது பழைய வழக்கம். முதலாண்டு மாணவருக்குக் கல்லூரித் தேர்வு முடிவே இருக்காது. எனவே சேர்க்கை முடிந்த இரண்டு வாரத்தில் அறிவிப்பு வர வேண்டும். பலகையில் ஒட்டினால் போதாது. முதலாண்டு வகுப்புகளில் பொறுப்பாசிரியர் வாசிக்க வேண்டும், வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் தமிழில் போக வேண்டும்.

விண்ணப்பம் ஒரு பக்கம். கல்லூரிச் சேர்க்கைக் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் எதையும் மறுபடி கேட்காதீர்கள். சாதிச் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் நகல் என்று ஜெராக்ஸ் கடை வாசலில் பிள்ளை நிற்பதில் யாருக்கும் பயனில்லை. புதிதாக வேண்டியது வருமானச் சான்றிதழ் மட்டும். அதற்கு இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) கடந்து வட்டாட்சியர் ஒப்பம் வர வேண்டும். விசாரணைக்கு வரச்சொன்னால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். விண்ணப்பிக்கும் நாளில் பதிவு எண் இருந்தால் போதும், சான்றிதழைத் தேர்வானபின் தரலாம் என்று விதியிலேயே எழுதுங்கள்.

எல்லோருடைய சான்றிதழிலும் ஆண்டு வருமானம் 72,000 என்றோ 84,000 என்றோ கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அதை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. விண்ணப்பத்தில் நான்கு நேர்க்கேள்விகள் வையுங்கள்: வீட்டில் எத்தனை பேர், சம்பாதிப்பவர் யார் என்ன வேலை, படிக்கும் தம்பி தங்கைகள் எத்தனை பேர், தினமும் கல்லூரிக்கு எவ்வளவு தூரம் எப்படி வருகிறார். ‘அம்மா நூறுநாள் வேலை, தங்கை பிளஸ் ஒன், இரண்டு பஸ் மாறி வருகிறேன், காலை 6.10 பஸ்ஸை விட்டால் முதல் பீரியடு போய்விடும்’ என்று ஒருவர் எழுதும்போது குழுவுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. ‘என் இலட்சியம்’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்காதீர்கள். அது நன்றாக எழுதத் தெரிந்தவருக்கே போய்ச் சேரும்.

நேர்காணல் வைப்பதானால் குழுவில் இருவர் போதும், ஐந்து நிமிடம் போதும். வறுமையை நிரூபிக்கச் சொல்லும் கேள்விகள் வேண்டாம். அப்பா குடிப்பாரா என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் நான்கு ஆண்கள் கேட்பது எந்த விதியிலும் வராத கொடுமை. பெண் விண்ணப்பதாரர் இருந்தால் குழுவில் பெண் பேராசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும்.

முடிவை எழுதிவையுங்கள்: வந்த விண்ணப்பங்கள், தேர்வானவர், காத்திருப்புப் பட்டியலில் இருவர், காரணம் இரண்டு வரி. தேர்வானவர் வேறு கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட்டால் மறுபடி குழுவைக் கூட்டாமல் அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

9. பணம் கணக்கில் சேரும் வரை

மாணவரைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து விடுகிறார்கள். பாதிச் சிக்கல் இந்தக் கடைசி அடியில்தான்.

பள்ளியில் தொடங்கிய கணக்குத்தான் பல மாணவர்களிடம் இருக்கிறது. அது சிறார் கணக்கு. 18 முடிந்ததும் கிளைக்குப் போய் ஆதார், பான், புதிய கையொப்பம் கொடுத்து மாற்றாவிட்டால் முடங்கிவிடும். பாஸ்புக் பழையதாக இருந்தால் ஐஎஃப்எஸ்சி எண்ணும் பழையதாக இருக்கும். பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019இல் தமிழ்நாடு கிராம வங்கியாயின. சிண்டிகேட் 2020இல் கனராவோடு சேர்ந்தது. லட்சுமி விலாஸ் அதே ஆண்டு டிபிஎஸ்ஸோடு இணைந்தது. பழைய எண்ணுக்கு அனுப்பிய பணம் திரும்பி வரும், திரும்பியதை யாரும் கவனிக்காமல் சங்கக் கணக்கிலேயே கிடக்கும். முறையான அடையாளச் சான்று இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கானால் 50,000க்கு மேல் இருப்பு நிற்காது.

அதனால் முதலில் 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். சேர்ந்ததாக மாணவர் சொன்னபின் மீதியை அனுப்புங்கள். அப்பா கணக்கு, அண்ணன் கணக்கு வேண்டாம். மாணவர் பெயரிலேயே இருக்கட்டும்.

மெஸ் பாக்கியும் தேர்வுக் கட்டணமும் கல்லூரிக்கே கட்ட வேண்டியவை என்றால் அந்தப் பகுதியைக் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டி, ரசீதை மாணவரிடம் கொடுக்கலாம். ஆனால் ஒரு பகுதியாவது அவர் கைக்குப் போகட்டும். மூக்குக்கண்ணாடி உடைந்ததா, பஸ் பாஸ் முடிந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். 20,000 ரூபாயில் 12,000 ஒற்றைப்படைப் பருவத்திலும் 8,000 ஜனவரியிலும் என்று பிரிப்பது எங்களுக்குச் சரியாக வருகிறது. செலவுக் கணக்கு, பில் எதுவும் கேட்பதில்லை.

மேடையில் நிற்கவைத்துப் பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். நன்கொடையாளர் பெயர் பலகையில் இருக்கட்டும், ஆண்டறிக்கையில் இருக்கட்டும், விழாவில் வாசிக்கப்படட்டும். வாங்குகிறவரின் முகமும் குடும்ப நிலையும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவரே விரும்பி எழுத்தில் சம்மதித்தால் ஒழியப் படம் வேண்டாம்.

10. ஆண்டுதோறும் ஒரு பக்க அறிக்கை

ஜூன் மாதத்தில் நன்கொடையாளருக்கு ஒரு பக்கம் வர வேண்டும்: தொடக்க இருப்பு, வந்த வட்டி, அசலில் சேர்த்தது, கொடுத்தது, கையிருப்பு, வைப்பு ரசீதின் எண்ணும் முதிர்வுத் தேதியும், எத்தனை மாணவர், எந்தத் துறை, எந்த ஆண்டு. மாணவர் பெயரும் வீட்டு முகவரியும் அதில் வேண்டாம். மாணவர் எழுதிய நன்றிக் கடிதத்தைக் கட்டாயமாக்காதீர்கள். எழுத விரும்பினால் சங்கத்தின் வழியாக அனுப்பட்டும்.

அறிக்கை வராவிட்டால் ஜூலை முதல் வாரத்தில் நீங்களே கேளுங்கள். கேட்கத் தயங்குவது பெருந்தன்மை என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்கிற நன்கொடையாளர் இருக்கும் கோப்புதான் மேசையின் மேலே இருக்கும். வராத வட்டி, முதிர்ந்து கிடக்கும் ரசீது, கொடுக்கப்படாத இரண்டாம் தவணை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வரும்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆளுக்கு எவ்வளவு என்பதைத் திருத்துங்கள். மெஸ் பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விடுதிக் காப்பாளரிடம் கேட்டு, அசலில் சேர்ந்த தொகையைப் பார்த்து, 20,000ஐ 22,000 ஆக்கலாமா என்று குழு முடிவு செய்யட்டும். முடியாவிட்டால் மாணவர் எண்ணிக்கையைக் குறையுங்கள், தொகையைக் குறைக்காதீர்கள். ஏற்கெனவே தேர்வாகிப் படித்துக்கொண்டிருப்பவருக்குச் சொன்ன தொகை, அவர் படிப்பு முடியும்வரை அப்படியே போக வேண்டும்.